குன்றின்மேல் ஒரு குருவானவர்
ஹாவொர்த் ஊரின் பேட்ரிக் பிராண்ட்டே வாழ்க்கை வரலாறு

இங்கிலாந்து நாட்டின் வடபாகத்தில், யார்க்ஷயர் என்னும் நிலப்பகுதியில், பென்னைன் மலைச்சரிவில் அமைந்துள்ள சிற்றூர் ஹாவொர்த். அவ்வூரின் பெருந்தெரு செங்குத்தாக மேலே ஏறிச் செல்வது. வண்டிக் குதிரைகளின் குளம்பு வழுக்காதிருக்கும் பொருட்டு, அத்தெருவில் கற்களைக் குறுக்காகப் பதித்துப் பாவியுள்ளனர். தெரு முடியும் உச்சியில் புனித மிக்கேல் ஆலயம் நிற்கின்றது. ஆலயத்தை அடுத்துக் கல்லறைத் தோட்டம். கல்லறைகளுக்கும் மேலே குருமனை. அதற்கப்பால் மரமின்றிக் காற்று வீசும் மேட்டுநிலம்.

அக்குருமனையில் வளர்ந்து ஆங்கில இலக்கியத்தில் அழியாப் புகழ் பெற்ற மூன்று சகோதரிகளைக் கல்லூரியில் ஆங்கிலம் பயின்ற நம் இளைஞர் பலர் அறிவர். சார்லட், எமிலி, ஆன் என்பன அவர்தம் பெயர்கள். அவர்களுடைய தந்தையாரைப் பற்றியோ, கடுகடுத்த கிழவர், தனியறையில் இருந்து உண்டவர் என்ற அளவில்தான் பெரும்பாலோர் கேள்விப்பட்டிருப்பர். நாம் இங்கே எழுதப் புகுவது அத்தந்தையாரைப் பற்றியே. கல்வி ஒன்றையே கைப்பொருளாகக் கொண்டு கூலி உழவர் குடிசையிலிருந்து குன்றின் உச்சி வரை ஏறிய ஒருவர், ஏறிய பின் கீழே இருந்தோருக்கு என் செய்தார் என்பதே நம் வினா. கல்விச் சங்கம் ஒன்றின் வெள்ளிவிழா மலரில் இவ்வினா இடம் பெறுவது பொருத்தமே என்று கருதுகின்றோம்.

பேட்ரிக் 1777ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 17ஆம் நாள், அயர்லாந்து நாட்டின் டௌன் மாவட்டத்தில் எம்டேல் என்னும் சிற்றூரில் பிறந்தார். குடும்பப் பெயர் அக்காலத்தில் பிரன்ட்டி என வழங்கியது. தந்தை ஹியூ பிறர் நிலத்தில் உழைத்த ஏழை. பத்துப் பிள்ளைகளில் பேட்ரிக் மூத்தவர். பிறந்த வீடு இரண்டே அறைகள் கொண்ட குடில். மூத்த பிள்ளைக்கு நேர்வது எந்நாட்டிலும் ஒன்றுதானே! சிறு வயதிலேயே கொல்லுப் பட்டறையில் வேலை பழகவும், பின்னர் தறியில் அமர்ந்து நெய்யவும் அவர் அனுப்பப்பட்டார். வேலைக்கிடையே கிடைத்த புத்தகங்களைப் படித்தார். பதினாறு வயது அளவில், பட்டறையையும் தறியையும் விட்டு, ஒரு கிராமப் பள்ளியின் ஆசிரியர் ஆனார்.

பதினாறு வயதில் ஆசிரியரா என்று இன்றைய இளைஞர் வியக்கலாம். பயிற்சிச் சான்றிதழ் கேட்கும் வழக்கம் அன்று இல்லை. எழுதப் படிக்கக் கற்பிக்க வல்லவர் எவரோ அவரே வாத்தியார். பின்னர் அவர் டிரம்பாலிரோனி என்னும் பங்கின் பள்ளிக்கு வந்து சேர்ந்தார். அப்பங்கின் குருவானவர் தாமஸ் டை என்பவர் இவ்விளைஞரின் அறிவைக் கண்டு, தம் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கற்பிக்க அமர்த்திக் கொண்டதோடு, இவருக்கு இலத்தீனும் கிரேக்கமும் கற்க வழி செய்தார். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் செல்லும் எண்ணத்தை இவர் உள்ளத்தில் விதைத்தவரும் அவரே.

1802ஆம் ஆண்டு, தம் இருபத்தைந்தாம் வயதில், பேட்ரிக் கேம்பிரிட்ஜ் புனித யோவான் கல்லூரியில் சேர்ந்தார். செல்வர் வீட்டு மைந்தர் பதினேழு, பதினெட்டு வயதில் நுழையும் இடம் அது. இவர் சேர்ந்ததோ கட்டணச் சலுகை பெறும் ஏழை மாணாக்கர் வகுப்பில். முற்காலத்தில் அவ்வகுப்பினர் செல்வ மாணவர்க்கு உணவு பரிமாறும் பணியையும் செய்தனர். அப்பணிகள் பெரும்பாலும் மறைந்துவிட்ட போதிலும், தாழ்ந்த வகுப்பு என்னும் முத்திரை மறையவில்லை.

கல்லூரிப் பதிவேட்டில் பெயர் எழுதியவர், அயர்லாந்து உச்சரிப்பு விளங்காமல், பிரான்ட்டி என ஏதோ ஒன்றை எழுதி வைத்தார். பிறகு அது பிராண்ட்டே எனத் திருத்தப்பட்டது. பிராண்ட்டே என்பது கிரேக்க மொழியில் இடி எனப் பொருள்படும். கடற்படைத் தலைவர் நெல்சனுக்கு 1799இல் கிடைத்த பட்டத்திலும் அச்சொல் உண்டு. குடிசைப் பெயரைக் களைந்து கோமான் பெயரைப் பூண்டார் என்று இதனைக் குறை கூறுவோர் உளர். நாம் அவ்வாறு விரைந்து தீர்ப்புக் கூற விரும்பவில்லை. பெயர்ப் பதிவேடு என்பது ஏழைப் பிள்ளைக்கு எத்தகைய இடம் என்பதை, சேர்க்கை நாளில் தலைமையாசிரியர் நாற்காலியில் அமர்ந்து நாம் பல ஆண்டுகள் கண்டுள்ளோம். பெயரை மாற்றியவர் பிறந்த வீட்டை மறந்தாரா என்பதே பார்க்க வேண்டியது. தம் உயிலில் அவர் அயர்லாந்திலிருந்த உடன்பிறந்தோர் பகிர்ந்து கொள்ளுமாறு 40 பவுன் எழுதி வைத்தார். அதே வேளையில், 1806க்குப் பின் அவர் அயர்லாந்து மண்ணை மீண்டும் மிதிக்கவே இல்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

கல்லூரியில் பணமுடை வாட்டிற்று. அக்கல்லூரியின் ஆசிரியக் குழுவைச் சேர்ந்த ஹென்றி மார்ட்டின் என்பவர் இவர் நிலை கண்டு இரங்கி, வில்லியம் வில்பர்ஃபோர்சுக்கு மடல் எழுதினார். அடிமை வாணிபத்தை ஒழிக்கப் பாராளுமன்றத்தில் ஓயாது போராடியவர் வில்பர்ஃபோர்ஸ். அவரும் அவர் நண்பர் ஹென்றி தார்ன்டனும் ஆண்டுதோறும் ஆளுக்குப் பத்துப் பவுன் தர இசைந்தனர். அந்த மார்ட்டினே பின்னர் இந்தியாவுக்கு வந்து, புதிய ஏற்பாட்டை உருது மொழியில் பெயர்த்தார். 1806இல் பேட்ரிக் பி.ஏ. பட்டம் பெற்றார், அதே ஆண்டு திருச்சபைப் பணியிலும் அமர்த்தப்பட்டார்.

அடுத்த பதினான்கு ஆண்டுகள் ஊர் ஊராகச் சென்ற ஆண்டுகள். அவற்றுள் ஒரு நிகழ்ச்சியை மட்டும் கூறுவோம். 1810இல் அவர் டியூஸ்பரி என்னும் ஊரில் உதவிக் குருவாக இருந்தார். வில்லியம் நோவெல் என்னும் ஏழை இளைஞனைப் படையில் சேர்ந்துவிட்டு ஓடியவன் எனப் பொய்க் குற்றம் சாட்டிச் சிறையில் அடைத்தனர். அவன் படையில் சேரவே இல்லை என்பதற்கு ஊரார் சாட்சி கூறியும் நீதிபதி செவி சாய்க்கவில்லை. பேட்ரிக் விடவில்லை, படைத்துறை அமைச்சராக இருந்த பாமர்ஸ்டன் பிரபுவுக்கே எழுதினார். பாமர்ஸ்டன் புனித யோவான் கல்லூரியில் இவர் காலத்தில் பயின்றவர். சில வாரங்களில் இளைஞன் விடுதலை பெற்றான். பொய்ச் சாட்சி கூறியவன் தண்டிக்கப்பட்டான். பெரிய இடத்துப் பழக்கம் கிடைத்தால் தனக்கொரு வேலை கேட்பதுதான் உலக வழக்கம். இவர் முன்பின் உறவில்லாத ஒருவனுக்காக அதனைப் பயன்படுத்தினார்.

1812 டிசம்பர் 29ஆம் நாள் அவர் மரியா பிரான்வெல் அம்மையாரை மணந்தார். மரியா, எலிசபெத், சார்லட், பிரான்வெல், எமிலி, ஆன் என ஆறு மக்கள் பிறந்தனர். 1820ஆம் ஆண்டு ஏப்ரலில் அக்குடும்பம் ஹாவொர்த் குன்றேறி வந்தது.

ஹாவொர்த் ஆலயம் எளிதில் எவருக்கும் அடங்கும் ஆலயம் அன்று. சட்டப்படி அது பிராட்ஃபோர்டு பங்கின் கிளை ஆலயம். ஆதலின் குருவை நியமிக்கும் உரிமை தமதே என்றார் பிராட்ஃபோர்டு குருவானவர். ஆலய நிலங்களின் அறங்காவலர்களோ, ஊதியம் தருவோர் நாங்கள், எங்கள் இசைவின்றி எவரும் மேடை ஏற முடியாது என்றனர். முன்னொரு காலத்தில், 1742 முதல் 1763 வரை, வில்லியம் கிரிம்ஷா என்பவர் அங்கே குருவாக இருந்தார். வழிபாட்டு நேரத்தில் கள்ளுக்கடையில் இருந்தோரைச் சாட்டையுடன் சென்று ஆலயத்துக்கு ஓட்டி வருவாராம்! ஜான் வெஸ்லியும் அவர் அழைப்பை ஏற்று அங்கே வந்து பிரசங்கித்தார். அத்தகைய ஊர் அது. 1819இல், தம்மைக் கேளாது அனுப்பப்பட்ட ரெட்ஹெட் என்னும் குருவை ஊரார் படுத்திய பாடு பெரிது. முதல் ஞாயிறன்று மரச்செருப்புகள் தடதடக்க எல்லாரும் நடுவில் எழுந்து வெளியேறினர். அடுத்த ஞாயிறன்று ஒருவன் கழுதைமேல் வால்புறம் நோக்கி அமர்ந்து ஆலயத்துக்குள் வந்தான் என்பர். அவர் ஓடிவிட்டார். பேட்ரிக்கும் முதலில் பிராட்ஃபோர்டு குருவால் பெயர் குறிக்கப்பட்டவரே. ஆயினும் ஊராரின் மனம் அறிந்து விலகி நின்றார். பின்னர் இருதரப்பும் இணங்கி அழைத்த போதுதான் வந்தார். நாற்பத்தோராண்டு அங்கே நிலைத்து நின்றார்.

வந்த மறு ஆண்டே, 1821 செப்டம்பரில், மனைவியார் புற்றுநோயால் இறந்தார். ஆறு குழந்தைகளும் தாயின் தமக்கையார் கையில் வளர்ந்தன. குருமார்களின் பெண்மக்களுக்குக் குறைந்த கட்டணத்தில் கல்வி தரும் விடுதிப் பள்ளி ஒன்று கோவன் பிரிட்ஜ் என்னும் இடத்தில் திறக்கப்பட்டிருந்தது. 1824இல் நான்கு பெண்களை அங்கே அனுப்பினார். குளிரும் மோசமான உணவும் அவர்களை வாட்டின. மரியாவும் எலிசபெத்தும் காசநோயோடு வீடு திரும்பி, 1825 மே, ஜூன் திங்கள்களில் அடுத்தடுத்து இறந்தனர். மூத்தவளுக்கு வயது பதினொன்று. கல்வியால் உயர்ந்த தந்தை, கல்விக்கென்றே மக்களை அனுப்பி இருவரைப் பறிகொடுத்தார். விடுதிகளில் பிள்ளைகளைச் சேர்க்கும் பெற்றோரும், விடுதிகளை நடத்தும் நம் சங்கத்தாரும் இதனை ஒரு நிமிடம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இதன் பின்னும் அவருக்குக் கல்வியின்மேல் இருந்த பற்றுக் குறையவில்லை. எஞ்சிய மக்களுக்குத் தாமே கற்பித்தார். பெண்கள் என்று புத்தகங்களை மறைத்து வைக்கவில்லை. செய்தித்தாள்களும் காவியங்களும் வரலாறும் அவ்வீட்டில் அனைவர்க்கும் பொதுவாக இருந்தன. அக்காலத்து ஆங்கில நாட்டில் இது அரிது.

அடுத்து ஊர்ப் பிள்ளைகள். ஹாவொர்த் மக்கள் கம்பளி சீவுதல், நூற்றல், நெய்தல் ஆகிய தொழில்களை நம்பி வாழ்ந்தோர். பிள்ளைகளும் ஆலைகளுக்குச் சென்றனர். ஒன்பது வயதுக்குட்பட்டோரை நெசவாலைகளில் சேர்க்கலாகாது என்னும் சட்டமே 1833இல்தான் வந்தது. வாரத்தில் ஓய்வு கிடைத்த நாள் ஞாயிறு ஒன்றே. ஆகவே அந்நாளில் எழுத்தறிவிக்கும் ஞாயிறு பள்ளிக்கு, பேட்ரிக்கின் முயற்சியால், 1832இல் ஆலயத்துக்கும் குருமனைக்கும் இடையே உள்ள சந்தில் கல்லால் ஆன ஒரு கட்டடம் எழுந்தது. நாட்டுக் கல்விச் சங்கத்திடம் மானியம் கேட்டுப் பெற்றார். சார்லட்டும் உடன்பிறந்தோரும் அங்கே கற்பித்தனர். 1844இல் அதே கட்டடத்தில் நாள்தோறும் நடைபெறும் பள்ளியும் தொடங்கிற்று.

ஏழைகளுக்கு ஊரிலேயே உதவி வழங்கும் முறையை ஒழித்து, அவர்களை ஏழை விடுதிக்கு அனுப்பி, கணவனையும் மனைவியையும் பிள்ளைகளையும் பிரித்து வைக்கும் சட்டம் 1834இல் நிறைவேறியது. 1837 பிப்ரவரியில் ஹாவொர்த்தில் அச்சட்டத்தை எதிர்த்துக் கூடிய கூட்டத்துக்குத் தலைமை வகித்தவர் பேட்ரிக். அரசியலில் அவர் பழமைக் கட்சியைச் சார்ந்தவர். ஆலய வரி குறித்துப் பிற சபையாரோடு மல்லுக்கு நின்றவர். ஆயினும் இக்கூட்டத்தில் பிற சபையாரோடு ஒரே மேடையில் நின்றார்.

முதுமையில் இரு கண்களிலும் புரை படர்ந்து ஏறக்குறைய பார்வை இழந்தார். 1846 ஆகஸ்டில் மான்செஸ்டர் நகரில், மயக்க மருந்து வழக்கிற்கு வருமுன்பே, ஒரு கண்ணில் அறுவை மருத்துவம் செய்து கொண்டார். வயது அறுபத்தொன்பது. அசையாமல் பொறுத்துக் கிடந்தார். தந்தை இருட்டறையில் கட்டுடன் படுத்திருந்த அந்நாட்களில் அருகே அமர்ந்து சார்லட் எழுதத் தொடங்கியதே 'ஜேன் அயர்' என்னும் புதினம். 1847இல் அதுவும், எமிலியின் 'வதரிங் ஹைட்ஸ்' நூலும், ஆன் எழுதிய நூலும், ஆண்பெயர் போன்ற புனைபெயர்களில் வெளிவந்தன.

புகழ் வந்த வேகத்தில் சாவும் வந்தது. 1848 செப்டம்பரில் ஒரே மகன் பிரான்வெல், டிசம்பரில் எமிலி, 1849 மே 28இல் ஆன் என, எட்டுத் திங்களுக்குள் மூவர் மாண்டனர்.

இதற்கு அடுத்து நிகழ்ந்ததை நம் இளைஞர் கூர்ந்து படிக்க வேண்டுகின்றோம். ஆன் இறந்து மூன்று திங்கள்தான் ஆயிற்று. எழுபத்திரண்டு வயது முதியவர், வீட்டில் ஒரே ஒரு மகள். அந்த ஆகஸ்டில் அவர் ஊராரிடம் கையொப்பம் திரட்டி, இலண்டனிலிருந்த பொதுச் சுகாதார வாரியத்துக்கு ஒரு விண்ணப்பம் அனுப்பினார். எங்கள் ஊருக்கு நல்ல குடிநீர் இல்லை. ஆய்வாளரை அனுப்புங்கள் என்பதே அதன் சாரம். வரி செலுத்துவோரில் பத்தில் ஒரு பங்கினர் கேட்டால் ஆய்வு செய்யலாம் என்று 1848ஆம் ஆண்டுச் சட்டம் கூறியது. தம் மக்கள் மாண்டது காசநோயால், தண்ணீரால் அன்று. ஆனால் ஆண்டுதோறும் ஊர்க் குழந்தைகளைக் குழியில் வைத்து மன்றாட்டுக் கூறியவர் அவர். அடக்கப் பதிவேட்டில் எழுதிய கை அவருடையது.

1850 ஏப்ரலில் ஆய்வாளர் வந்தார். பெயர் பெஞ்சமின் ஹெர்ஷல் பாபேஜ். கணக்கிடும் பொறி அமைக்க முயன்ற சார்லஸ் பாபேஜின் மைந்தர். அவர் கண்டவை இவை. ஊரில் சாக்கடை அமைப்பே இல்லை. கழிவு தெருவோரத்தில் ஓடியது. ஊர் முழுமைக்கும் 69 கழிப்பிடங்கள். கம்பளி சீவுவோர் படுக்கும் அறையிலேயே அடுப்பு மூட்டி, சன்னல் அடைத்து, அப்புகையிலே தொழிலும் செய்து உறங்கவும் செய்தனர். பத்து ஆண்டுகளில் அச்சிறு கல்லறைத் தோட்டத்தில் 1,344 உடல்கள் அடக்கம் செய்யப்பட்டிருந்தன. மேலே கல்லறைகள், கீழே கிணறுகளும் ஊற்றுகளும். குன்றில் பெய்த மழை எவ்வழி இறங்கும் என்று விளக்க வேண்டியதில்லை. இறப்போரின் சராசரி வயது 25.8. பிறந்தோரில் நூற்றுக்கு 41.6 பேர் ஆறு வயது நிரம்புமுன் மாண்டனர்.

மற்றொரு செய்தி நம் நெஞ்சைத் தொட்டது. கோடையில் ஊற்று வற்றும் பொழுது, திங்கட்கிழமை துணி வெளுக்க வேண்டிய ஏழைப் பெண்கள் இரவு இரண்டு, மூன்று மணிக்கே குடத்தோடு சென்று காத்திருந்தனர். சிற்சில வேளை அந்நீர் பச்சை நிறமேறி நாற்றமெடுத்து, மாடுகளும் குடிக்க மறுத்தன. பின்னிரவில் குடம் சுமந்து காத்து நிற்பது என்னவென்று நம் அன்னையர்க்குச் சொல்லித் தர வேண்டுமா? அங்கே பிறப்பைக் காட்டி எவரையும் கிணற்றடியில் தடுக்கவில்லை. நம் முன்னோர் பட்ட துன்பத்தோடு அதனை ஒன்றாக வைத்துப் பேசுவது பொருந்தாது. ஆனால் தடுத்தோர் அங்கும் இருந்தனர். சொந்த ஊற்று உடைய வீட்டுக்காரர்களும் நிலக்கிழார்களும் வரி உயரும் என்று அஞ்சித் திட்டத்தை எதிர்த்தனர். தங்கள் மனைகளுக்கு விலக்குக் கேட்டு எதிர் விண்ணப்பம் போட்டனர். பேட்ரிக் காலத்தாழ்வைச் சுட்டி வாரியத்துக்கு மீண்டும் மீண்டும் மடல் எழுதினார். குருமனைக்குத் தனிக் கிணறு இருந்தது என்பதை இங்கே மறக்கலாகாது. நீர்த்தேக்கம் அமைந்தது 1858இல். முதல் விண்ணப்பத்துக்கும் அதற்கும் இடையே ஒன்பது ஆண்டுகள்!

இத்தகையவரிடமும் குறை உண்டு. அதனை மறைத்தல் வாழ்க்கை வரலாற்றுக்கு அழகன்று. அவருக்கு உதவிக் குருவாக இருந்த ஆர்தர் பெல் நிக்கல்ஸ், 1852இல் சார்லட்டை மணக்க விரும்பினார். அவரும் அயர்லாந்தின் ஏழை உழவர் வீட்டில் பிறந்து, கல்வியால் உயர்ந்தவர். தம் இளமையைத் தம் முன்னே கண்டது போல் மகிழ வேண்டிய பேட்ரிக், சொற்ப ஊதியம் பெறும் உதவிக் குருவுக்கா என் மகள் என்று வெகுண்டெழுந்தார். நிக்கல்ஸ் ஊரை விட்டே செல்ல நேர்ந்தது. படித்து மேலேறிய நம்மவர் சிலர், பெண் கேட்டு வரும் படித்த ஏழையை எப்படி நோக்குகின்றனர் என்பதை நாம் கண்டிருக்கின்றோம். ஆதலின் பேட்ரிக்கின் சினம் நமக்குப் புதிதாகத் தோன்றவில்லை. ஈற்றில் மனம் இளகி இசைந்தார். 1854 ஜூன் 29ஆம் நாள் திருமணம் நடந்தது. ஆனால் தந்தை ஆலயத்துக்கு வரவில்லை. மகளைக் கைப்பிடித்துக் கொடுத்தவர் சார்லட்டின் பழைய பள்ளி ஆசிரியை. ஓராண்டும் நிறையவில்லை, 1855 மார்ச்சு 31இல் கருவுற்றிருந்த சார்லட்டும் இறந்தார். எந்த மருமகனை வேண்டாம் என்றாரோ, அவரே ஆறாண்டுக் காலம் அம்முதியவரை மகன் போல் காத்தார்.

சார்லட்டின் வரலாற்றை எழுதுமாறு எலிசபெத் காஸ்கெல் அம்மையாரைப் பேட்ரிக்கே வேண்டினார். 1857இல் வெளிவந்த அந்நூல் அவரையே கொடுமையான தந்தையாகச் சித்தரித்தது. அவர் பெரிதாக வாதாடவில்லை. மகளைப் பற்றி எழுதியது சிறப்பாக உள்ளது என்று நிறைவடைந்தார். கடுகடுத்த கிழவர் என்னும் பெயர் இன்றும் ஒட்டிக் கொண்டிருப்பது அந்நூலால்தான்.

1861 ஜூன் 7ஆம் நாள், எண்பத்து நான்காம் வயதில், மக்கள் அறுவரையும் இழந்த பின், பேட்ரிக் காலமானார். ஆலயத்தின் உள்ளே குடும்பக் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டார். ஆன் மட்டும் தான் இறந்த ஸ்கார்பரோ கடற்கரை ஊரிலேயே உறங்குகின்றாள். ஏனையோர் அவருடன் உள்ளனர். நிக்கல்சை அடுத்த குருவாக ஏற்க அறங்காவலர் மறுத்தனர். பழைய ஹாவொர்த் குணம் மாறவில்லை போலும். அவர் அயர்லாந்துக்கே திரும்பினார். புதிதாக வந்த குருவானவர் ஜான் வேட், பலருடைய எதிர்ப்புக்கிடையே, 1879இல் பழைய ஆலயத்தை இடித்தார். கோபுரத்தை மட்டும் விட்டுவைத்து, அதனை ஒட்டி எழுப்பிய புதிய ஆலயம் 1881இல் அர்ச்சிக்கப்பட்டது. இன்று காண்போர் காணும் ஆலயம் அதுவே. பேட்ரிக் நின்று பிரசங்கித்த சுவர்கள் இல்லை. குருமனை 1928 முதல் அக்குடும்பத்தின் நினைவுக் காட்சியகமாக உள்ளது. அதற்கு எதிரே, சந்தின் மறுபுறம், 1832இல் அவர் கட்டிய பள்ளி அப்படியே நிற்கின்றது.